லண்டனில் ஒரே நாள், அம்மாவோடு நாடகமும்

வணக்கம். லண்டன் பயணம் பற்றி நீங்கள் கேட்ட பதிவில் ஊர் தண்டையார்பேட்டை என்று பார்த்ததும் பதில் போடத் தோன்றியது, நான் பக்கத்தில் கொருக்குப்பேட்டை. ஜூலையில் ஒரு நாள், மூட்டுவலி உள்ள அம்மா, பிக் பென், லண்டன் டவர் கோட்டை, மியூசியம், ஷாப்பிங், சாயங்காலம் ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கில் நாடகம் என்கிறீர்கள். பாதியை வெட்டுங்கள். டவரும் ஷாப்பிங்கும் வேண்டாம்.

காலையில் வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே பிக் பென். பாலத்தில் நின்று போட்டோ எடுத்துவிட்டு, ஜூபிலி லைன் மெட்ரோவில் லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன் போங்கள். இரண்டு ஸ்டேஷனிலும் லிப்ட் உண்டு. வாசலிலேயே பரோ மார்க்கெட், அங்கே சாப்பாடு. அப்புறம் டேட் மாடர்ன், நவீனக் கலை மியூசியம். நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை, உட்காரவும் இடம் கிடைக்கும். குளோப் அடுத்த வாசல் மாதிரிதான்.

டிக்கெட் விஷயத்தில் மட்டும் கவனம். மலிவாக இருக்கிறதே என்று 'யார்டு' டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். அது திறந்தவெளி, நாடகம் முழுக்க நிற்க வேண்டும். நம்ம பக்கம் கூத்து பார்க்கிற மாதிரி தரையில் பாய் விரிக்க விடமாட்டார்கள். மழை வந்தாலும் குடை பிடிக்கக் கூடாது. அம்மாவுக்குக் கூரையுள்ள கேலரியில், முடிந்தால் கடைசி வரிசை பெஞ்ச்: முதுகு சாய்க்கச் சுவர் இருக்கும். குஷன் வாடகைக்குக் கிடைக்கும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

1613இல் நாடகத்துக்கு வெடித்த பீரங்கியால் பழைய அரங்கு எரிந்தது. இப்போதுள்ளது 1997இல் திறந்தது, ஆனால் கூரை இன்னும் நாணல் வேய்ந்ததுதான்! நாடகத்தின் கதையை மட்டும் முந்தின இரவே அம்மாவுக்குத் தமிழில் சொல்லிவிடுங்கள். மதியக் காட்சி இருக்கிற நாளாக அமைந்தால் அதையே பிடியுங்கள்.