வன்னியில் இருந்துகொண்டே நியூத்திரன் விண்மீனின் புதிய எக்ஸ்-கதிர் எழுச்சியைக் கண்டுபிடிக்கலாமா?

கிளிநொச்சியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: மடிக்கணினியும் போன் டேட்டாவும் மட்டுமே இருக்கிறது, இரும விண்மீன்களில் உள்ள நியூத்திரன் விண்மீன் திடீரென எக்ஸ்-கதிரில் பிரகாசிப்பதை நானே பிடிக்கலாமா என்று. பிடிக்கலாம். நியூத்திரன் விண்மீன் என்பது வெடித்த பெரிய விண்மீனின் அடர்ந்த எச்சம்; இரும அமைப்பில் அது துணை விண்மீனின் வாயுவை இழுக்கும். தொலைகாட்டிக்குச் செலவழிக்க வேண்டாம். எக்ஸ்-கதிரை வளிமண்டலம் உறிஞ்சிவிடும். மாங்குளம் பக்கத்து இருட்டு இதற்கு உதவாது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2009 முதல் இருக்கும் ஜப்பானின் மாக்ஸி கருவி, 92 நிமிடத்துக்கு ஒருமுறை வானத்தின் பெரும்பகுதியை வருடுகிறது. அதன் இணையத் தளத்தில் ஒவ்வொரு எக்ஸ்-கதிர் மூலத்துக்கும் நாளாந்த அளவீடு சாதாரண எழுத்துக் கோப்பாகக் கிடைக்கும், டேட்டாவைத் தின்னாது. முதல் நிரல் திருத்திய ஜூலியன் நாள், அதாவது வானியலாளர் நாட்களை எண்ணும் தொடரிலக்கம் (60000 என்றால் 2023 பெப்ரவரி 25). அந்த நாள் நமக்கு விடிய 5.30க்குத்தான் மாறும். அடுத்து 2–20 கிலோ எலத்திரன்வோல்ற்று ஆற்றல் பட்டையின் பாயமும் (வந்துசேரும் எக்ஸ்-கதிரின் அளவு) அதன் வழுவும் (அளவீட்டுப் பிழை), பிறகு 2–4, 4–10, 10–20 பட்டைகள்.

ஏறத்தாழ மாறாமல் ஒளிரும் நண்டு நெபுலாவின் கோப்பையும் எடுத்து, அதன் சராசரியால் உங்கள் மூலத்தின் பாயத்தையும் வழுவையும் வகுத்துவிடுங்கள். பிறகு முந்தைய அமைதியான மாதங்களின் சராசரியைக் கழியுங்கள். மீதி, வழுவின் மூன்று மடங்கைத் தாண்டினால் கவனியுங்கள். கவனித்தால் போதும், துள்ள வேண்டாம். 100 மூலங்களை ஒரு வருடம் பார்த்தால் 36,500 புள்ளிகள். வெறும் தற்செயலாலேயே 50 அளவில் மூன்று மடங்கைத் தாண்டும். அடுத்தடுத்து இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்று வைத்தால் தற்செயல் ஏறத்தாழ ஒழிந்துவிடும்.

ஒழியாதது கருவியின் கோளாறு. உண்மையான தலையிடி இதுதான். மாக்ஸியின் பார்வை ஒரு பாகைக்கு மேல் மங்கல், அதனால் அயல் மூலத்தின் ஒளி கலக்கும். 'விரைவு வெடிப்பான்' எனப்படும் மூலத்துக்கு அரைப் பாகை தள்ளி 4யூ 1728-34 என்ற இன்னொரு மூலம் இருக்கிறது. எது ஏறியது என்று மாக்ஸியை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. அயலவர் கோப்பையும் அதே நாளுக்குப் பாருங்கள். நிலையத்தின் பாதைத் தளம் சுழல்வதால் 70 நாள் அளவில் திரும்பத் திரும்ப வரும் போலி மேடும் உண்டு. சூரியன் அந்தப் பக்கம் வந்தாலும் தரவு கெடும்.

ஒருநாள் மட்டும் துள்ளினால், ஒவ்வொரு சுற்றுக்கும் தனி அளவீடு தரும் சுற்றுவாரிக் கோப்பைத் திறவுங்கள். ஒரே ஒரு வருடலில் உயர்ந்து அடுத்ததில் இல்லை என்றால், அது நியூத்திரன் விண்மீனின் மேற்பரப்பில் நடந்த சில பத்துச் செக்கன் அணுக்கரு வெடிப்பாக இருக்கலாம். அது எழுச்சி அல்ல, ஆனால் அங்கே இருப்பது கருந்துளை அல்ல என்பதற்கு நல்ல சாட்சி.

எழுச்சி என்பது பெரும்பாலும், நியூத்திரன் விண்மீனைச் சுற்றிச் சுழலும் வாயுத் தட்டு சூடாகி, ஐதரசன் அயனாகி, பொருள் வேகமாக உள்ளே பாய்வது. முதலில் தட்டுத்தான் ஒளிரும்: எஸ்ஏஎக்ஸ் ஜே1808.4-3658 என்ற நியூத்திரன் விண்மீன் இருமத்தின் 2019 எழுச்சியில் கட்புல ஒளி எக்ஸ்-கதிருக்குச் சுமார் 12 நாள் முந்தியது.

பழக, ஏறத்தாழ வருடத்துக்கு ஒருமுறை எழும் அக்குவிலா எக்ஸ்-1 நல்லது. ஏ0535+26 என்ற இன்னொரு இருமத்தின் சுற்றுக்காலம் 111 நாள். இரு விண்மீன்களும் மிக நெருங்கும் அண்மைநிலையை அண்டித்தான் அதன் சாதாரண எழுச்சிகள் வரும், ஆகவே எப்போது பார்ப்பது என்று முன்கூட்டியே குறித்துவைக்கலாம். அதன் துணை விண்மீனின் பிரகாசம் 9ஆம் பருமன், இருகண்ணோக்கிக்கே எட்டும். ஆனால் இடபத்தில் இருப்பதால் அது உச்சிக்கு வரும் காலம் நமக்கு மாரி.

எல்லாச் சோதனையும் தாண்டி நின்றால், வானியலாளர் புதிய நிகழ்வுகளை அறிவிக்கும் 'வானியலாளரின் தந்தி' தளத்தில் அந்தப் பெயரைத் தேடிவிட்டு மற்றவர்களுக்கு எழுதுங்கள். மாக்ஸி குழுவின் தானியங்கி எச்சரிக்கை பெரும்பாலும் முந்தியிருக்கும்.