ஒப்பந்தத்துக்கு முன் நால்வருக்குள் ஓர் உடன்பாடு: ஆர்.இ.எம். குழு வளர்ந்த விதம்

கேள்வி: சென்னையில் நாங்கள் நான்கு நண்பர்கள் மூன்று ஆண்டுகளாகச் சொந்தமாகப் பாட்டெழுதி, இசையமைத்து, கல்லூரி விழாக்களிலும் சிறிய அரங்குகளிலும் வாசித்து வருகிறோம். அண்மையில் ஓர் இசை நிறுவனம் மூன்று ஆல்பங்களுக்கான ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் முன்பணம் எங்களுக்குப் பெரிய தொகை. பாடகரும் கிட்டார் வாசிப்பவரும் உடனே கையெழுத்திடலாம் என்கிறார்கள். மற்ற இருவரும் தயங்குகிறோம். அமெரிக்காவின் ஆர்.இ.எம். குழு சிறிய நிறுவனத்தில் தொடங்கி, படிப்படியாக உலகப் புகழ் பெற்றது என்று படித்தோம். அந்த வழி எங்களுக்கு உதவுமா?

பதில்: உதவும். ஆனால் மெதுவாகப் போனதுதான் ஆர்.இ.எம். குழுவின் வெற்றிக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டால் தவறான பாடத்தைக் கற்றவர்களாவீர்கள். அவர்கள் முதன்முதலில் மேடையேறியது 1980 ஏப்ரல் 5. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 1991இல். இடைப்பட்ட பதினொரு ஆண்டுகளில் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது, தங்கள் பாட்டைப் பற்றிய முடிவைத் தாங்களே எடுக்கும் உரிமையை. அதற்குக் கொடுத்த விலைதான் அந்தத் தாமதம். உங்கள் கேள்விக்கான பதிலும் அந்த உரிமையில்தான் இருக்கிறது என்பதால், அவர்கள் அதை எப்படிக் காத்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ் ஒரு பல்கலைக்கழக ஊர். குழுவின் கிட்டார் கலைஞர் பீட்டர் பக் அங்கே ஒரு இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தார். அந்தக் கடைக்கு வந்துபோன மாணவர்தான் பாடகர் மைக்கேல் ஸ்டைப். மேக்கன் நகரில் பள்ளிக் காலத்திலிருந்தே சேர்ந்து வாசித்த பேஸ் கலைஞர் மைக் மில்ஸும் டிரம்ஸ் கலைஞர் பில் பெரியும் இவர்களோடு இணைந்தனர். வழிபாடு நின்றுபோய்க் குடியிருப்பாக மாறியிருந்த ஒரு பழைய தேவாலயத்தில், தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. அதே ஊரிலிருந்து கிளம்பிய பி-52ஸ் குழு நியூயார்க் போய்ப் பெயர் வாங்கியதை இந்த நால்வரும் கண்ணெதிரே பார்த்தவர்கள். ஆனாலும் அவர்கள் ஏதென்ஸை விட்டுப் போகவில்லை. ஒரு வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தென் மாநிலங்களின் சிறிய மதுக்கூடங்களிலும் கல்லூரி ஊர்களிலும் வாசித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வாடகை குறைந்த ஊரில் இருந்ததால் செலவு குறைந்தது. செலவு குறைந்ததால் எந்த நிறுவனத்தின் பணத்தையும் அவசரமாக வாங்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு வரவில்லை. இசை வரலாற்று நூல்கள் பெரிதாகப் பேசாத இந்தச் சிக்கனத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

முதல் சிங்கிளான (தனியாக வெளியிடப்படும் பாட்டு) ‘ரேடியோ ஃப்ரீ யூரோப்’ 1981இல் வெளியானது. பதிவு செய்தவர் மிட்ச் ஈஸ்டர். இடம், வட கரோலினாவில் அவருடைய பெற்றோர் வீட்டுக் கார் ஷெட்டில் அமைந்திருந்த ஸ்டூடியோ. ஹிப்-டோன் என்ற மிகச் சிறிய நிறுவனம் முதலில் அச்சிட்டவை ஏறத்தாழ ஆயிரம் பிரதிகளே. அதை நாடெங்கும் பரப்பியவை கல்லூரி வானொலிகள். மாணவர்களே நடத்திய, விளம்பரதாரரின் விருப்பத்துக்குக் கட்டுப்படாத, குறைந்த சக்தியில் ஒலிபரப்பிய நிலையங்கள் அவை. பெரிய வணிக வானொலிகள் கண்டுகொள்ளாத பாட்டு ஓர் ஊரின் கல்லூரி வானொலியில் ஒலிக்கும். சில வாரங்களில் குழுவின் வேன் அதே ஊருக்கு வரும். சென்ற முறை ஐம்பது பேர் நின்ற இடத்தில் இம்முறை இருநூறு பேர் நிற்பார்கள். இப்படி ஊர் ஊராகத் திரண்டவர்கள், நிறுவனத்தின் தயவில்லாமலே குழுவுக்குச் சொந்தமான ரசிகர்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய இடத்துக்கு வருகிறேன். பாடகரும் கிட்டார் கலைஞரும் ஒரு பக்கம், மற்ற இருவர் மறுபக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிரிவினைக்குக் காரணம் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. பாட்டும் மெட்டும் யார் பெயரில் பதிவாகும், ராயல்டி எனப்படும் உரிமைத்தொகை யாருக்குப் போகும் என்பது உங்களுக்குள் இன்னும் பேசப்படாமல் இருக்கிறதோ என்று சந்தேகிக்கிறேன். ஆர்.இ.எம். இதைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிட்டது. வரிகளைப் பெரும்பாலும் ஸ்டைப்தான் எழுதினார். ஆயினும் பாடல்களின் உரிமை பெரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று அகர வரிசையில் நால்வர் பெயரிலும் சமமாகப் பதிவானது. குழுவின் முக்கிய முடிவுகளில் ஒருவர் மறுத்தாலும் அந்த முடிவு கைவிடப்படும் என்பதும் அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு.

சமபங்கு என்பது பெருந்தன்மை மட்டுமல்ல, நல்ல கணக்கும்கூட. பாட்டுக்கு ஏற்பப் பங்கு என்று வைத்தால், ஆல்பத்தில் எந்தப் பாட்டு இடம்பெற வேண்டும் என்ற விவாதத்துக்குள் யாருக்கு எவ்வளவு பணம் என்ற விவாதம் ஒளிந்துகொள்ளும். நல்ல பாட்டு தோற்று, செல்வாக்குள்ளவரின் பாட்டு ஜெயிக்கும். அதே காலத்தில் மின்னசோட்டாவிலிருந்து வந்த ஹஸ்கர் டூ என்ற அருமையான குழுவில் பாப் மோல்ட், கிரான்ட் ஹார்ட் என்று இரண்டு பாடலாசிரியர்கள் இருந்தனர். யாருடைய பாட்டு எத்தனை என்பதே அவர்களுக்கிடையே பூசலாயிற்று. அந்தக் குழு ஆர்.இ.எம். குழுவுக்கு முன்பே வார்னர் பிரதர்ஸ் என்ற பெரிய இசை நிறுவனத்துக்குச் சென்று, இரண்டு ஆல்பங்களை வெளியிட்டு, 1988 தொடக்கத்தில் கலைந்துபோனது. அதன் முடிவுக்கு வேறு துயரமான காரணங்களும் உண்டு என்றாலும், பெரிய நிறுவனத்தின் அழுத்தம் வந்தபோது தாங்கிக்கொள்ளும் வலு குழுவுக்குள் இருக்கவில்லை.

1982இல் ஆர்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனத்துக்கும் ஐ.ஆர்.எஸ். என்ற சிறிய நிறுவனத்துக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, ஆர்.இ.எம். குழுவினர் சிறியதைத் தேர்ந்தார்கள். ஐ.ஆர்.எஸ். கதவு திறந்ததற்கும் ஒரு பழைய தொடர்பு காரணம்: பில் பெரி மேக்கனில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது பழக்கமான இயன் கோப்லாண்டின் அண்ணன் மைல்ஸ்தான் அந்த நிறுவனத்தை நடத்தியவர். முதல் ஆல்பத்துக்கு முன் நிறுவனம் ஸ்டீபன் ஹேக் என்ற தயாரிப்பாளரை வைத்து ஒரு பாட்டைச் சோதனையாகப் பதிவு செய்யச் சொன்னது. அவர் மீண்டும் மீண்டும் வாசிக்கச் சொல்லி, பிறகு சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியின் ஒலிகளைத் தாமாகவே சேர்த்ததைக் கேட்ட குழுவினர், எங்களுக்கு ஈஸ்டரே வேண்டும் என்றார்கள். நிறுவனம் இணங்கியது. ஈஸ்டரும் டான் டிக்ஸனும் சேர்ந்து தயாரித்த ‘மர்மர்’ 1983இல் வந்தது. பில்போர்டு என்ற அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது 36ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ விற்பனையில் கொடிகட்டிப் பறந்த ஆண்டில், ரோலிங் ஸ்டோன் என்ற இசை இதழின் விமர்சகர்கள் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தது ‘மர்மரை’த்தான்.

அடுத்த ஆல்பங்கள் எட்டிய இடங்கள் 27, 28, 21. இன்று இந்த எண்களைப் பார்க்கும் எந்த நிறுவனமும் பொறுமை இழந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் ஓர் ஆல்பம், அதற்கிடையே ஓயாத டூர் என்று அவர்கள் உழைத்தார்கள். ஸ்டைப் முதலில் வார்த்தை புரியாதபடி முணுமுணுத்துப் பாடியவர்; நான்காவது ஆல்பத்தில் தயாரிப்பாளர் டான் கேமன் அவர் குரலைத் தெளிவாக முன்னுக்குக் கொண்டுவந்தார். 1987இல் ‘டாக்குமென்ட்’ பத்தாம் இடத்தையும், அதிலுள்ள ‘த ஒன் ஐ லவ்’ பாடல் சிங்கிள் பட்டியலில் ஒன்பதாம் இடத்தையும் தொட்டன. அவ்வாண்டு இறுதியில் அமெரிக்காவின் சிறந்த ராக் குழு என்று ரோலிங் ஸ்டோன் அட்டையில் போட்டது.

ஐ.ஆர்.எஸ். ஒப்பந்தம் முடிந்ததும் 1988இல் அவர்கள் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்குப் போனார்கள். வெளிநாடுகளில் தங்கள் ஆல்பங்களை ஐ.ஆர்.எஸ். சரியாகக் கொண்டுசேர்க்கவில்லை என்பதே அவர்கள் சொன்ன குறை. பெரிய நிறுவனத்தில் சேர்ந்ததைத் துரோகம் என்று சொன்ன ரசிகர்கள் அன்றும் இருந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. எதை ஒலிப்பதிவு செய்வது, எப்படி வெளியிடுவது என்ற முடிவுகள் குழுவிடமே இருக்கும் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டார்கள். மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவுகளின் உரிமையையும் அவர்கள் கைவிடவில்லை. அதனால்தான் வார்னர் காலத்து ஆல்பங்களை வெளியிடும் பொறுப்பை 2015இல் கான்கார்ட் என்ற வேறொரு நிறுவனத்திடம் அவர்களால் ஒப்படைக்க முடிந்தது. எட்டு ஆண்டுகளாகத் திரட்டிய ரசிகர்கள் பின்னால் நின்றதால்தான் இப்படியெல்லாம் கேட்கும் துணிவும், கேட்டதைப் பெறும் வலுவும் அவர்களுக்கு இருந்தன.

அந்த உரிமையின் பயன் 1991இல் தெரிந்தது. பீட்டர் பக் புதிதாக மாண்டலின் பழகிக்கொண்டிருந்தார். தொலைக்காட்சி பார்த்தபடி வாசித்ததைப் பதிவு செய்து, பிறகு கேட்டபோது, பயிற்சிக்கு நடுவே ஒரு மெட்டு தனியாகத் துலங்கியது. அதுவே ‘லூசிங் மை ரிலிஜன்’. ஏறத்தாழ நாலரை நிமிட நீளம், வழக்கமான பல்லவி கிடையாது, முன்னணிக் கருவி மாண்டலின். வானொலி விதிகள் எதற்கும் பொருந்தாத அதை முதல் சிங்கிளாக விட வார்னர் தயங்கியது. குழு உறுதியாக நின்றது. ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங் இயக்கிய காணொளி எம்.டி.வி.யின் ஆண்டின் சிறந்த காணொளி விருதை வென்றது. பாட்டு நான்காம் இடத்தையும், ‘அவுட் ஆஃப் டைம்’ ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்தையும் அடைந்தன. பத்தாண்டு டூர் செய்து களைத்திருந்த அவர்கள், இந்த ஆல்பத்துக்கு டூர் போவதில்லை என்றும் முடிவெடுத்திருந்தார்கள். அதையும் நிறுவனம் ஏற்றது.

இனி உங்கள் ஒப்பந்தம். முன்பணம் பரிசு அல்ல. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதையும், பல சமயம் ஒலிப்பதிவுச் செலவையும், உங்கள் ராயல்டியிலிருந்து நிறுவனம் முதலில் கழித்துக்கொள்ளும். கழிந்து முடியும்வரை உங்கள் கைக்கு எதுவும் வராது. மூன்று ஆல்பம் என்ற வாசகத்தை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்: மூன்றையும் வெளியிட நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறதா, அல்லது முதல் ஆல்பத்துக்குப் பின் தொடர்வதா வேண்டாமா என்ற விருப்பம் நிறுவனத்துக்கு மட்டுமே உண்டா? இரண்டாவது என்றால், நீங்கள் கட்டுண்டிருப்பீர்கள், அவர்கள் கட்டுப்படமாட்டார்கள். மாஸ்டர் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நாடுகளுக்கு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்ற ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். ஆகவேதான் நிறுவனங்கள் பெரும்பாலும் ‘நிரந்தரமாக’ என்று எழுதிவிடும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைச் சட்டபூர்வ வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தால், இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டாமல் பேனாவைத் தொடாதீர்கள்.

அதற்கும் முன்னால், நால்வரும் உட்கார்ந்து பாடல் உரிமையின் பங்கு, ஒருவர் விலகினால் குழுவின் பெயர் யாருக்கு, எந்த முடிவுகளுக்கு நால்வரின் சம்மதமும் தேவை என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். சமபங்குதான் வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். எழுதப்படாத பங்கு வேண்டாம் என்று வற்புறுத்துவேன். அதன் பிறகு நிறுவனத்திடம் மாஸ்டர் உரிமைக்குக் கால வரம்பையும், பாடல் தேர்வில் இறுதிச் சொல்லையும் கேளுங்கள். இவை இரண்டும் கிடைத்தால் முன்பணம் குறைந்தாலும் கையெழுத்திடலாம். மறுத்தால், ஓர் ஆல்பத்துக்கு மட்டும் ஒப்பந்தம் கேளுங்கள். அதற்கும் மறுத்தால், இப்போதைக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஊர் நிகழ்ச்சிக்கு நாள் குறியுங்கள்.