எஞ்சின் மாற்றிய கார்: ஆர்.சி.யில் ஓர் எண், வண்டியில் வேறோர் எண்

கேள்வி: என் மாருதி ஆல்டோ 2011 டிசம்பரில் பதிவானது. கடன் முடிந்து ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் அடமானக் குறிப்பு) நீக்கியாகிவிட்டது. நான்கு மாதத்துக்கு முன் ஹீட் ஏறி எஞ்சின் சீஸ் ஆகி (இறுகி) நின்றுவிட்டது. புது எஞ்சினுக்கு வசதியில்லை. மெக்கானிக் சொன்னபடி சென்னையில் ஒரு பழைய பாகக் கடையில் 28,000 ரூபாய்க்கு ஆல்டோ எஞ்சின் வாங்கிப் போட்டேன். கூலி 9,000. கடைக்காரர் தந்தது ‘நோ கேரண்டி’ என்று எழுதிய துண்டுச் சீட்டு மட்டுமே. மூன்றாவது வாரமே புகை. வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினேன். விற்றால் விற்றதுதான் என்கிறார். மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் மாற்றினார், அதற்கு 6,500 தந்தால்தான் வண்டியைத் தருவேன் என்கிறார். இதற்கிடையில், ஆர்.சி.யில் எஞ்சின் எண் மாற்றவில்லையென்றால் டிசம்பர் ரெனியூவலில் சிக்கல் வரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். என்ன செய்வது?

பதில்: பயமுறுத்தியவர் சொன்னது சரிதான். மூன்று பிரச்சினைகளில் அவசரமானது அதுதான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்கு. அது முடியும் முன், கடைசி 60 நாட்களுக்குள், படிவம் 25-இல் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் மட்டும் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. அன்று மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியை நேரில் பார்ப்பார். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முதலில் பார்க்கப்படும். உங்கள் வண்டியில் அது ஒத்துப்போகாது.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. ஆனால் ஆல்டோவில் அதே ஆல்டோ எஞ்சினைப் போடுவது விவரக்குறிப்பை மாற்றுவதல்ல. அதே 796 சிசி, அதே எரிபொருள், அதே வகை. மாறியது எண் மட்டும். உங்கள் பக்கம் வலுவான வாதம் இது. என்றாலும், ஒப்புதலின்றி எஞ்சின் மாற்றினால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும் என்று அதே பிரிவின் 3-ஆம் உட்பிரிவு சொல்கிறது. அந்த 14 நாள் தாண்டிவிட்டது. அனுமதியற்ற மாற்றத்துக்கு 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நீங்களாகவே விண்ணப்பிப்பதும், ரெனியூவலில் பிடிபடுவதும் அதிகாரியின் கண்ணில் ஒன்றல்ல. டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள்.

முதலில் எஞ்சின் எண்ணைப் பாருங்கள். அது சிலிண்டர் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். உங்கள் மாடலில் ‘எஃப்8டி’ என்று தொடங்க வேண்டும். ‘எஃப்8பி’ என்றிருந்தால் அது மாருதி 800 அல்லது ஆம்னி வகை எஞ்சின்; சிசி அதேதான், வகை வேறு, மேலே சொன்ன வாதம் போய்விடும். எண்ணின் மேல் இருக்கும் கிரீஸை டீசல் தோய்த்த துணியால் மட்டும் துடையுங்கள். எமரி ஷீட், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். அதன் கீறல் ஆய்வாளர் கண்ணுக்கு எண்ணைத் தேய்த்து அழித்த தடமாகத்தான் தெரியும். காய்ந்ததும் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றியுள்ள வார்ப்பின் சொரசொரப்பு எண்ணுக்கு அடியிலும் இயல்பாகத் தொடர்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் எழுந்தால் அடுத்த வேலை விண்ணப்பம் அல்ல, காவல் நிலையம்.

எண் சுத்தமாக இருந்தால், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆதாரம் வேண்டும். கடைக்காரரிடம் எஞ்சின் எண் எழுதிய முறையான பில், பழைய வண்டியின் ஆர்.சி. நகல், அந்த ஆர்.சி. ரத்தான அல்லது இன்சூரன்ஸ் கம்பெனி ‘டோட்டல் லாஸ்’ என்று விற்ற ஆவணம் ஆகியவற்றைக் கேளுங்கள். அழிந்துபோன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 55-ஆம் பிரிவு. நடைமுறையில் பலர் செய்வதில்லை. அதனால் அந்த எண் இன்னும் வேறொருவர் பெயரில் உயிரோடு இருக்கலாம், உங்கள் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பழைய வண்டியின் பதிவு எண்ணும் சேசிஸ் எண்ணும் கிடைத்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் அது திருட்டு வண்டியா என்று பார்த்து என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) எடுத்துக்கொள்ளலாம். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் நிறைய. அவர்கள் இந்தக் காகிதத்தைத் தருவார்கள். தர மறுப்பவரின் எஞ்சின் ஐயாயிரம் குறைவாகக் கிடைப்பதற்குக் காரணமே பெரும்பாலும் அந்தக் காகிதம் இல்லாததுதான்.

எஞ்சின் திருட்டுப் பொருள் என்று தெரிந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். அது ஆதாரத்தை அப்புறப்படுத்தியதாகிவிடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 317(2) பிரிவு, திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குபவருக்கு மூன்று ஆண்டு வரை தண்டனை தருகிறது. பில் இல்லாமல் வாங்கியது ‘நம்பக் காரணம்’ என்று உங்களுக்கு எதிராகவே திரும்பலாம். எனவே பணம் அனுப்பிய விவரத்தோடு நீங்களே எழுத்து மூலம் காவல் துறைக்குத் தெரிவியுங்கள். வண்டியைக் கைப்பற்றினால், நீதித்துறை நடுவரிடம் இடைக்காலத்தில் திரும்பக் கேட்டு மனு போடலாம். கைப்பற்றிய வண்டிகளைக் காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்க விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லியிருக்கிறது.

காகிதம் சேர்ந்ததும் பரிவாகன் என்ற அரசுப் போக்குவரத்து இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, பில், பென்சில் பிரிண்ட், எஞ்சின் எப்போது எதற்காக மாற்றப்பட்டது என்ற பிரமாணப் பத்திரம் ஆகியவற்றை இணைத்து, தாமதத்துக்கான காரணத்தையும் இரண்டு வரியில் எழுதுங்கள். மறுத்தால் வாய்மொழியாக விட்டுவிடாமல் எழுத்தில் உத்தரவு கேளுங்கள்; 57-ஆம் பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு உண்டு.

இனி கடைக்காரர். ‘நோ கேரண்டி’ என்ற இரண்டு வார்த்தை அவரை முழுதாகக் காப்பாற்றாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(47) பிரிவில், பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. நீங்கள் மூன்றாவது வாரத்திலேயே வீடியோ அனுப்பியிருக்கிறீர்கள், அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். பழைய பொருள் என்று தெரிந்தே வாங்கியதால் புது எஞ்சினின் தரத்தை எதிர்பார்க்க முடியாது. ஓடவேண்டிய அளவுக்காவது ஓட வேண்டும் என்று கேட்கலாம்.

ஆனால் வழக்கின் தலையெழுத்து புகையின் நிறத்தில் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவில்லை. நீலப் புகையும் ஆயில் குறைவதும் என்றால் பிஸ்டன் ரிங்ஸ் அல்லது வால்வ் சீல் தேய்மானம். எஞ்சினோடு வந்த குறை, கடைக்காரர் பொறுப்பு. வெள்ளைப் புகையும் கூலன்ட் குறைவதும் என்றால் ஹெட் கேஸ்கெட் பக்கம். முதல் எஞ்சின் ஹீட் ஏறித்தான் போனது. ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், ஃபேன் இவற்றைச் சரிசெய்யாமலே மெக்கானிக் இரண்டாவதை மாட்டியிருந்தால் அதுவும் ஹீட் ஏறித்தானே போயிருக்கும்? கடைக்காரரின் வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான். இந்நிலையில் மெக்கானிக்தான் எதிர்த்தரப்பு. இரண்டும் தெளிவாகாதபோது இருவரையும் சேர்ப்பதே நல்லது.

அதனால் இனி யாரும் எஞ்சினைக் கழற்றும் முன், வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) எடுத்துத் தேதி, எஞ்சின் எண், மூன்று சிலிண்டரின் அளவு எல்லாம் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். சிலிண்டர்களுக்கிடையே பொதுவாக ஒரு கிலோவுக்கு மேல் அழுத்த வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங்ஸ், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். மெக்கானிக் கழற்றிய பழைய கேஸ்கெட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பிறகு பதிவுத் தபாலில் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அதன்பின் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் ஒரு புகார் பதியுங்கள். சில கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும்.

மெக்கானிக் வண்டியைப் பிடித்து வைப்பது உங்களுக்கு அநியாயமாகப் படலாம், ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஒரு பொருளில் உழைப்பும் திறமையும் செலுத்தியவர் கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். சட்டத்தில் அதற்குத் தந்திருக்கும் உதாரணம், நகைக்காரரிடம் பட்டை தீட்டக் கொடுத்த வைரம். அந்த உரிமை அந்த வேலையின் கூலிக்கு மட்டும். நிறுத்தி வைத்த வாடகை, பழைய பாக்கி இவற்றுக்காகப் பிடிக்க முடியாது, விற்கவும் முடியாது. சண்டை வேண்டாம். 6,500-ஐ ஜிபே போன்றவற்றில் அனுப்பி, ‘வேலையில் உள்ள குறை பற்றிய உரிமையை விட்டுக்கொடுக்காமல், எதிர்ப்புடன் செலுத்துகிறேன்’ என்று மெசேஜ் போட்டு வண்டியை எடுங்கள். அந்தத் தொகையையும் நுகர்வோர் வழக்கில் கேட்கலாம்.

எடுக்கும்போது உங்கள் பழைய எஞ்சினையும் சேர்த்து எடுத்துவாருங்கள். அது உங்கள் சொத்து. இரும்புக் கடைக்குப் போனால் உங்கள் ஆர்.சி. எண் வேறொருவர் வண்டியில் ஓடும். இன்னொரு காரணமும் உண்டு. பழைய பிளாக்கில் விரிசல் இல்லை, லேத்தில் போர் செய்ய (சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க) இடமிருக்கிறது என்றால், வாங்கிய எஞ்சினின் நல்ல ஹெட்டையும் மற்ற பாகங்களையும் உங்கள் பிளாக்கிலேயே மாட்டி ஓட்டலாம். எண் மாறாது, திருட்டுச் சந்தேகம் வராது, டிசம்பரில் வண்டி நேராகப் பாஸாகும். காகிதம் கிடைக்காத எஞ்சினுக்குப் பின்னால் அலைவதைவிட, கையில் காசு குறைவாக உள்ளவருக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ஆனால் கடைக்காரர் மேல் வழக்குப் போடுவதாக இருந்தால் கம்ப்ரஷன் ரிப்போர்ட்டும் படங்களும் எடுத்த பிறகே பாகங்களைப் பிரிக்க வேண்டும். எண்ணில் திருட்டுச் சந்தேகம் இருந்தால் அந்த எஞ்சினிலிருந்து ஒரு போல்ட் கூட எடுக்காதீர்கள்.

ஆர்.சி.யில் புது எண் ஏறினால், அதன் நகலோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பி பாலிசியிலும் திருத்தம் வாங்குங்கள். அதுவரை வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீர்கள். விபத்து நடந்தால் எண் மாறியிருப்பதைக் காட்டித்தான் கம்பெனி முதலில் கை விரிக்கும்.