மனநோய்க்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்? கேள்வி பதில்

கேள்வி அனுப்பிய அனைவருக்கும் வணக்கம். நான் மருத்துவ உளவியலாளர்; நோயாளிகளைப் பார்ப்பதோடு முதுகலை மாணவர்களுக்கு ஆய்வுமுறைகளையும் கற்பித்து வருகிறேன். ‘எனக்கு என்ன நோய்?’ என்று கேட்டிருந்தவர்களுக்கு எழுத்து வழியாக விடை சொல்வது முறையாகாது என்பதால், நோயைக் கண்டறியும் முறையையும் அதற்கு அடிப்படையான ஆய்வுகளையும் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மீனாட்சி, திருச்சி: வணக்கம் மேடம். சர்க்கரை நோய்க்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ அப்படி ஒன்று ஏன் இல்லை? இல்லாதபோது மருத்துவர் சொல்வதை எதை வைத்து நம்புவது?

மனச்சோர்வு, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), மிகைக் களிப்பும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநிலைக் கோளாறு ஆகிய எதையும் இன்றைக்கு இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ மரபணுவாலோ உறுதிசெய்ய இயலாது. மனநல மருத்துவர் தைராய்டு, பி12, இரத்தசோகை ஆகியவற்றுக்குப் பரிசோதனை எழுதித் தருவது மனச்சோர்வை நிரூபிப்பதற்காக அன்று. அதைப் போலவே தோற்றமளிக்கும் உடல்நோய்களை விலக்குவதற்காக.

தேடாமலும் இருந்துவிடவில்லை. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளோடு தொடர்புள்ள கடத்தி மரபணுவின் ஒரு வடிவம், வாழ்க்கை நெருக்கடிகளோடு சேரும்போது மனச்சோர்வுக்கு வழிவகுக்கிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அதைப் பின்பற்றி ஏராளமான கட்டுரைகள் வெளிவந்தன. ஆனால் 2019-இல் பல இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு அது உட்படப் பதினெட்டு மரபணுக்களைச் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியெடுத்த மரபணுக்களைவிட அவற்றுக்கு மனச்சோர்வோடு கூடுதலான தொடர்பு எதுவும் தென்படவில்லை. மனச்சோர்வுக்கு மரபணுப் பரிசோதனை என்று யாராவது விளம்பரம் செய்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்துறையின் வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு மனநோய்க்கு உறுதியான பரிசோதனை கிடைத்துவிட்டால், அது பெரும்பாலும் மனநலத் துறையை விட்டே போய்விடுகிறது. ஒரு காலத்தில் ஐரோப்பிய மனநோய் விடுதிகளை நிறைத்திருந்த ஒருவகைப் பித்து நோயாளிகளின் மூளையில் சிபிலிஸ் கிருமி இருப்பதை நோகுச்சியும் மூரும் 1913-இல் கண்டபின் அது தொற்றுநோயாகிவிட்டது. 2007-இல் டால்மவ் குழுவினர் விவரித்த ஒருவகை மூளை அழற்சியும் அப்படித்தான்: திடீரெனப் பித்துப் பிடித்ததுபோல நடந்துகொள்ளும் இளம்பெண்களில் சிலருக்கு, மூளையின் ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பான்கள் தண்டுவட நீரில் இருப்பது தெரிந்ததும் அவர்கள் நரம்பியல் மருத்துவரிடம் போனார்கள். எஞ்சியிருப்பவற்றுக்கு, அறிகுறிகள் என்ன, எத்தனை காலமாக, வேலையையும் உறவுகளையும் எந்த அளவுக்குப் பாதித்திருக்கின்றன என்ற முறையான விசாரணையே பரிசோதனை. அதைப் பொறுமையாகச் செய்தவரை நம்பலாம். ஐந்து நிமிடத்தில் முடித்தவரிடம் கிடைத்த பெயரை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வதில் தவறில்லை.

கார்த்திக், கோயம்புத்தூர்: என் அண்ணனுக்கு ஒரு மருத்துவர் மனச்சிதைவு என்றும், எட்டு மாதம் கழித்து இன்னொருவர் இருதுருவக் கோளாறு என்றும் சொன்னார்கள். இருவரில் ஒருவர் தவறு செய்திருக்கத்தான் வேண்டுமா?

அப்படிக் கட்டாயமில்லை. இதே கேள்விதான் 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க, பிரிட்டன் மருத்துவர்களைக் குடைந்தது. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு என்ற முடிவு மிகுதியாகவும், லண்டனில் மனநிலைக் கோளாறு என்ற முடிவு மிகுதியாகவும் இருந்ததால், இரு நாட்டு மக்களின் நோயே வேறோ என்று ஐயுற்றார்கள். ஒரே ஆய்வுக்குழு ஒரே வகையான நேர்காணலை இரண்டு நகரங்களிலும் நடத்தியபோது அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. நோயாளிகளின் நேர்காணல் படச்சுருள்களை இரு நாட்டு மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டியபோது, ஒரு நோயாளியை அமெரிக்கர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மனச்சிதைவு என்றனர்; பிரிட்டனில் ஏறக்குறைய எவருமே அப்படிச் சொல்லவில்லை. வேறுபட்டது நோய் அன்று, மருத்துவர்கள் பெற்ற பயிற்சி.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட டி.எஸ்.எம். என்ற நோய்கண்டறியும் கையேட்டின் மூன்றாம் பதிப்பு, இன்னின்ன அறிகுறிகள், இத்தனை எண்ணிக்கை, இவ்வளவு காலம் என்று வரையறுத்தது இந்தக் குழப்பத்தைக் குறைப்பதற்காகவே. குறைந்தது உண்மை, தீர்ந்துவிடவில்லை. ஐந்தாம் பதிப்புக்காக நடந்த கள ஆய்வில், இரண்டு மருத்துவர்கள் ஒரே நோயாளியைத் தனித்தனியே பார்த்து எட்டிய முடிவுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கப்பா என்ற அளவையால் கணக்கிட்டார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்க்கும் இந்த அளவையில் 0 என்றால் குருட்டாம்போக்கு, 1 என்றால் முழு உடன்பாடு. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கு 0.67, இருதுருவக் கோளாற்றின் முதல் வகைக்கு 0.56, மனச்சிதைவுக்கு 0.46, பெருமனச்சோர்வுக்கு வெறும் 0.28. நாம் அன்றாடம் அதிகமாகக் கேட்கும் பெயருக்குத்தான் உடன்பாடு இவ்வளவு குறைவு என்பது எனக்கு இன்னமும் உறுத்தலாகவே இருக்கிறது.

உங்கள் அண்ணன் விஷயத்தில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கையேடுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை: உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி. ஒரு மாத அறிகுறிகளைக் கொண்டு மனச்சிதைவு என்று சொல்ல இடம்தருகிறது, டி.எஸ்.எம். ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறது. மூன்றாவது மாதத்தில் இருக்கும் ஒரே நோயாளிக்கு இரு நூல்களும் இரு பெயர் தரும். இரண்டாவது, நோய் காலப்போக்கில்தான் தன் வடிவத்தைக் காட்டும். முதல்முறை மாயக்குரலும் சந்தேகமுமாக வந்தவருக்குச் சில மாதங்களுக்குப் பிறகு தூக்கமே தேவைப்படாத மிகைக் களிப்பு தெளிவாகத் தோன்றினால் பெயரை மாற்றுவதே நேர்மையான மருத்துவம். இரண்டாம் மருத்துவரிடம், ‘பெயரை மாற்றும்படி நீங்கள் புதிதாகக் கண்டது என்ன, அதனால் மருந்தில் என்ன மாறுகிறது?’ என்று கேளுங்கள். முதல் மருத்துவரின் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

ஷாலினி, சென்னை: இணையத்தில் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பினேன். மதிப்பெண் 14 வந்தது. எனக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நீங்கள் நிரப்பியது பி.எச்.க்யூ-9 ஆக இருக்க வேண்டும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். 10-ஓ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது பொது வழக்கம். அது சல்லடைபோலச் சலித்தெடுப்பதற்கான கருவி, முடிவு சொல்வதற்கான கருவி அன்று.

காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 2001-இல் வெளியான அதன் மூல ஆய்வின்படி, 10 என்ற எல்லைக்கோடு நோயுள்ளவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயில்லாதவர்களில் 88 சதவீதத்தினரைச் சரியாக விட்டுவிடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊரில் ஆயிரம் பேர் படிவத்தை நிரப்புகிறார்கள் என்றும், அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். ஐம்பதில் 44 பேர் பிடிபடுவார்கள். மீதி 950 பேரில் 12 சதவீதம், அதாவது 114 பேர், நோயில்லாமலே எல்லைக்கோட்டைத் தாண்டுவார்கள். தாண்டிய 158 பேரில் நோயுள்ளவர்கள் 44 பேர்தான்; நூற்றுக்கு 28. அதே படிவத்தை, வருவோரில் நாற்பது சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருக்கும் ஒரு மனநல மருத்துவமனையில் கொடுத்தால், தாண்டியவர்களில் நூற்றுக்கு 83 பேருக்கு நோய் இருக்கும். மதிப்பெண் மாறவில்லை, அதை எங்கே, யாரிடம் வாங்கினோம் என்பது அதன் பொருளை மாற்றிவிடுகிறது.

‘மாணவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு’ என்று அவ்வப்போது வரும் செய்திகளை இந்தக் கண்ணோடு படியுங்கள். அவை பெரும்பாலும் படிவங்களைக் கொண்டு எடுத்த கணக்குகள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு வரையறுத்த நேர்காணலைப் பயன்படுத்தியது; வயதுவந்தோரில் அப்போது மனச்சோர்வு நோய் உடையவர்கள் 2.7 சதவீதம் என்று அது கண்டது.

உங்கள் 14 அலட்சியப்படுத்தக்கூடியதும் அன்று. ஒருவரை நேரில் பாருங்கள். படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும், மொத்த மதிப்பெண் என்னவாக இருந்தாலும், இன்றே ஒருவரிடம் பேசுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் அரசு மனநல உதவி எண் கட்டணமில்லாதது; தமிழிலும் பேசலாம்.

ரேவதி, மதுரை: என் தோழிக்கும் எனக்கும் ஒரே மனச்சோர்வு என்றார்கள். அவளுக்குத் தூக்கமே வருவதில்லை. நானோ பகலிலும் தூங்குகிறேன். எப்படி ஒரே நோயாகும்?

ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இருக்க வேண்டும், அவற்றில் சோர்ந்த மனநிலை, ஆர்வமின்மை இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதே டி.எஸ்.எம். விதி. எண்ணிப் பார்த்தால் 227 வழிகளில் ஒருவர் தகுதிபெறலாம்; இருவருக்குப் பொதுவாக ஒரே ஓர் அறிகுறி மட்டும் இருப்பதும் சாத்தியம். போதாக்குறைக்குத் தூக்கமின்மையும் மிகைத்தூக்கமும் ஒரே அறிகுறியின் கீழ் எண்ணப்படுகின்றன. தோழிக்குக் கேட்ட மருந்து உங்களுக்கும் கேட்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அருண், உளவியல் மாணவர், புதுச்சேரி: போலி நோயாளிகளை மருத்துவமனைக்கு அனுப்பிய ரோசன்ஹான் ஆய்வை எங்கள் பாடத்தில் பெரிதாகச் சொல்கிறார்கள். அதை இன்னும் நம்பலாமா?

தெரியாதவர்களுக்காக: 1973-இல் உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையின்படி, நலமான எட்டுப் பேர் பன்னிரண்டு மருத்துவமனைகளுக்குச் சென்று, தமக்கு ‘வெறுமை’, ‘உள்ளீடற்றது’ என்பது போன்ற குரல்கள் கேட்பதாகச் சொல்லி உள்ளே சேர்ந்து, பிறகு இயல்பாக நடந்துகொண்டபோதும் 7 முதல் 52 நாள் வரை வைக்கப்பட்டார்கள். மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர் அப்போதே மறுத்து எழுதினார். நோயாளிகள் ‘அறிகுறி தணிந்த நிலையில்’ என்ற குறிப்போடு வெளியே அனுப்பப்பட்டது மருத்துவர்கள் மாற்றத்தைக் கவனித்தார்கள் என்பதையே காட்டுகிறது என்பது அவர் வாதம். அது சரியான வாதம் என்றே நினைக்கிறேன். இல்லாத அறிகுறியைச் சொல்லி ஏமாற்றினால் எந்தத் துறை மருத்துவரும்தான் ஏமாறுவார்.

2019-இல் பத்திரிகையாளர் சூசன்னா கஹாலன் இன்னும் தூரம் சென்றார். (மேலே சொன்ன மூளை அழற்சியால் தாக்கப்பட்டு, முதலில் மனநோய் என்று கருதப்பட்டவர் அவர்.) அவர் தேடியெடுத்த மருத்துவப் பதிவின்படி, எட்டுப் பேரில் ஒருவராகத் தாமே சென்ற ரோசன்ஹான், கட்டுரையில் சொன்னதைவிடக் கடுமையான அறிகுறிகளை, தற்கொலை எண்ணம் உட்பட, மருத்துவர்களிடம் சொல்லியிருக்கிறார், எட்டுப் பேரில் பெரும்பாலோர் யாரென்றே கஹாலனால் உறுதிசெய்ய முடியவில்லை. ஆகவே அதை ஆய்வுச் சான்றாக மேற்கோள் காட்டாதீர்கள். டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்த பணிக்குழுவின் தலைவர் அதே ஸ்பிட்சர்தான் என்பதால், துறையின் வரலாற்றை மாற்றிய கட்டுரை என்ற அளவில் படிக்கலாம்.

நஸ்ரீன், வேலூர்: உளவியல் ஆய்வுகளில் பாதி பொய் என்கிறார்களே?

பொய் என்பது மிகை. 2015-இல் ஒரு பெருங்குழு நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத முடிவு) காட்டியிருந்தன; திரும்பச் செய்ததில் 36 சதவீதமே காட்டின; விளைவின் அளவும் சராசரியாகப் பாதியாகக் குறைந்தது. பெரும்பாலும் சிறிய மாதிரி, முடிவைப் பார்த்தபின் அதற்கேற்பக் கருதுகோள் எழுதும் பழக்கம், எதிர்மறை முடிவுகளை வெளியிடாத இதழ்கள் ஆகியவையே காரணம். அந்த நூறும் அறிதல் உளவியலையும் சமூக உளவியலையும் சேர்ந்தவை என்பதால், சிகிச்சை ஆய்வுகளுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. கட்டுரை படிக்கும்போது, ஆய்வுத் திட்டம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதா, வேறு குழு அதைத் திரும்பச் செய்ததா என்ற இரண்டை முதலில் பாருங்கள்.

சிவகுமாரன், யாழ்ப்பாணம்: வளரும் நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகள் மேலைநாட்டவரைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்று வாசித்தேன். உண்மையா, ஐயம் உண்டா?

ஐயம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா, நைஜீரியாவின் இபாதான், லண்டன், மாஸ்கோ உட்பட ஒன்பது மையங்களில் 1960-களின் இறுதியில் தொடங்கிய ஆய்வில் ஆக்ராவும் இபாதானும் நல்ல முடிவுகளைக் காட்டின. கூட்டுக் குடும்பமே மருந்து என்ற பேச்சு அதிலிருந்துதான் பரவியது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தின் ஆர். தாரா, முதன்முறை நோய்வாய்ப்பட்ட 90 பேரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்த ஆய்வும் நம்பிக்கை தருவதாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் 2008-இல் கோஹன், விக்ரம் பட்டேல், குரேஜே ஆகியோரோடு சேர்ந்து பதினொரு நாடுகளின் 23 ஆய்வுகளை அலசி, இந்தப் பொதுமைப்படுத்தலைக் கேள்விக்கு உட்படுத்தியவர்களில் அதே தாராவும் ஒருவர். நாட்டுக்கு நாடு முடிவுகள் பெரிதும் வேறுபட்டன. சிகிச்சையே கிடைக்காதவர்களும் இடையில் இறந்தவர்களும் சராசரிகளுக்குள் மறைந்துபோகிறார்கள். குடும்பத்தின் துணை உதவும். அது மருந்துக்கு மாற்று என்று யாரும் நிறுவவில்லை.

பெயர் வேண்டாம், ஈரோடு: அப்பா காலமாகி நான்கு மாதமாகிறது. அம்மா இன்னும் தினமும் அழுகிறார். இது நோயா?

நான்கு மாதத்தில் இதை நோய் என்று எந்தக் கையேடும் சொல்லாது. நீடித்த துயரக் கோளாறு என்பதற்கு ஐ.சி.டி. குறைந்தது ஆறு மாதமும், 2022-இல் திருத்திய டி.எஸ்.எம். பெரியவர்களுக்கு ஓராண்டும் கேட்கின்றன. அந்தந்தச் சமூகத்தின் துக்க வழக்கங்களை மீறியதாகவும் இருக்க வேண்டும். அம்மா சாப்பிடாமல் மெலிந்துவந்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ, காலக்கெடுவைப் பார்க்காமல் அழைத்துச் செல்லுங்கள்.

பிரபாகரன், சேலம்: சிகிச்சை எடுத்தால் ‘மனநோயாளி’ என்ற முத்திரை வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

ஊர்ப் பேச்சுக்கு நான் உத்தரவாதம் தர இயலாது, சட்டத்தைச் சொல்லலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி, முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே ஒருவருக்கு இப்போதோ இனிமேலோ மனநோய் உண்டு என்று தீர்மானிக்கப் போதாது. மனநோய் உண்டு என்று தீர்மானித்துவிட்டதாலேயே அவர் சித்த சுவாதீனமற்றவர் ஆகிவிடமாட்டார், அதை உரிய நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். 23-ஆம் பிரிவு சிகிச்சைத் தகவல்களை இரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. சில விதிவிலக்குகள் உண்டு. காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் வழிசெய்ய வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. அலுவலகத்துக்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டால், நோயின் பெயரைக் குறிப்பிடாமல் ஓய்வுக்காலத்தை மட்டும் எழுதித் தர முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.