பேன்ஷீக்கு எத்தனை அங்குலம் நீட்டிய ஸ்விங்ஆர்ம் போடலாம்?

கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் ஏறும்போது உங்கள் யமஹா பேன்ஷீ நாற்சக்கர வண்டியின் முன்பக்கம் தூக்குகிறது, ஸ்விங்ஆர்மை 4 அங்குலம் நீட்டியதாக (+4) போடுவதா, 10 அங்குலம் நீட்டியதாக (+10) போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் +4. அதற்கு மேல் வேண்டாம்.

ஸ்விங்ஆர்ம் என்பது பின் அச்சைத் தாங்கும் கை. அது நீண்டால் பின் அச்சு பின்னுக்குப் போகும், எடையில் கூடுதல் பங்கு முன்சக்கரங்களுக்கு வரும். துடுப்பு போன்ற பட்டைகள் கொண்ட பேடில் டயர் மணலைக் கவ்வி உந்தும்போது முன்பக்கம் எழாமல் இருப்பது இதனால்தான். ஆனால் வண்டி நீண்டால் திரும்ப அதிக இடம் பிடிக்கும், கூர்மையான மேட்டு உச்சியில் அடிவயிறு தட்டி நிற்கும். +10 நேர்கோட்டு டிராக் (drag) பந்தயத்துக்கு அருமை. மேடு பள்ளமாகச் சுற்றுபவருக்கு அது தொல்லை.

பலரும் மறந்துவிடுவது ஷாக், அதாவது பின்பக்க அதிர்வுதாங்கி. அதன் பிடிப்பு பழைய இடத்திலேயே இருக்க, சக்கரம் மட்டும் தள்ளிப் போவதால் நெம்பு விகிதம், அதாவது சக்கரம் ஷாக்கை அழுத்தும் வலு, கூடிவிடும். பின்பக்கம் தொய்ந்து, குதித்து இறங்கும்போது அடிவரை இடிக்கும். கடினமான ஸ்பிரிங்குக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் செயின். 4 அங்குலம் நீட்டினால் செயினின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் சேர்த்து 8 அங்குலம் கூடுதலாக வேண்டும். 520 என்ற அளவுச் செயினில் ஒரு கண்ணி 5/8 அங்குலம், ஆக சுமார் 13 கண்ணிகள். இரட்டைப்படையில்தான் இணைக்க முடியும் என்பதால் 14 சேர்த்து, மிச்சத்தைச் செயின் இறுக்கத்தில் சரிசெய்யுங்கள். பின் பிரேக் ஹோஸும் நீளமானதாக வேண்டும். பழையதை இழுத்து மாட்டவே கூடாது, சஸ்பென்ஷன் முழுதாக இறங்கும்போது பிய்ந்துவிடும்.