கழுதைக்காரர் சிம்ப்சன்

வணக்கம். மகனைப் பார்க்கப் போனபோது கான்பெராவில் போர் நினைவகத்துக்கும் சென்றேன். காயம்பட்டவனைக் கழுதைமேல் ஏற்றி அழைத்துப்போகும் சிப்பாயின் சிலை மனத்தைவிட்டு அகலவில்லை. 300 பேரைக் காப்பாற்றினாராமே! வீரத்துக்கான உயரிய பதக்கமான விக்டோரியா கிராஸை அவருக்கு ஏன் தரவில்லை?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவர் ஜான் சிம்ப்சன் கிர்க்பாட்ரிக். இங்கிலாந்தில் சவுத் ஷீல்ட்ஸ் ஊர்க்காரர். சிறுவயதிலேயே கடற்கரையில் குழந்தைகளுக்குக் கழுதைச் சவாரி விட்டுப் பழகிய கை. கப்பல் வேலையிலிருந்து ஆஸ்திரேலியாவில் நழுவி, கரும்பு வெட்டி, சுரங்கத்தில் உழைத்து, அம்மாவுக்குப் பணம் அனுப்பினார். 1914இல் ராணுவத்தில் சேர்ந்ததே செலவில்லாமல் ஊர் போகலாம் என்றுதான் என்பார்கள். கப்பலோ எகிப்தில் இறக்கிவிட்டது.

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிபோலியில் கரையேறினார். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி இறக்குவது அவர் வேலை. ஸ்ட்ரெச்சர் தூக்க இரண்டு பேராவது வேண்டும். அந்தச் செங்குத்துச் சரிவில் அதுவும் போதாது. கழுதை இருந்தால் ஒருவரே போதும். ஆனால் அதன்மேல் உட்காரக்கூடியவன் காலில் அடிபட்டவன்தான். வயிற்றில் குண்டு பாய்ந்தவனை எப்படி உட்காரவைப்பது? அவனைத் தோள் கழன்றுவிழச் சுமந்து இறக்கியவர்களுக்குச் சிலை இல்லை.

சிம்ப்சன் தன் பிரிவோடு தங்கவில்லை. கோவேறு கழுதைகள் வைத்திருந்த இந்திய மலைப் பீரங்கிப் படையினரோடு போய் ஒட்டிக்கொண்டார். (கழுதைக்குத் தீனி அங்கேதானே கிடைக்கும்!) அவர்கள் அவரை 'பகதூர்', அதாவது வீரன், என்று கூப்பிட்டார்கள். எந்தப் பதக்கத்தையும்விட எனக்கு இந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

மே 19, துருக்கியர் பெரும் தாக்குதல் தொடுத்த நாள். காலையில் பள்ளத்தாக்கில் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையானார். வயது 22. கரையேறி 24 நாள்தான். 300 என்றால் தினமும் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை; இறந்த பிறகு வளர்ந்த கணக்கு அது.

பதக்க விஷயத்தை ஆஸ்திரேலிய அரசின் தீர்ப்பாயம் ஆராய்ந்து 2013இல் அறிக்கை தந்தது. அவருடைய துணிச்சல் மற்ற ஸ்ட்ரெச்சர்காரர்களின் துணிச்சலுக்கு ஓர் எடுத்துக்காட்டு, அதற்கு மேலானதல்ல என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு வருத்தமாக இருக்கலாம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

இன்னொன்று. கழுதையும் சிப்பாயுமாக ஊரெல்லாம் பரவிய ஓவியம் ஒன்று உண்டு. அதில் இருப்பவர் சிம்ப்சனே அல்ல; அவருக்குப் பின் கழுதையோடு அதே வேலையைச் செய்த ரிச்சர்ட் ஹெண்டர்சன் என்ற நியூசிலாந்துக்காரர். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவர் ஆளை மாற்றி நினைத்துக்கொண்டார். ஹெண்டர்சன் 1917இல் நச்சு வாயுவில் சிக்கினார். பின்னாளில் பார்வை போயிற்று. 1958 வரை இருந்தார்.