வடிவமில்லாத பகுதியை வெட்டிவிடலாமா? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

காரைக்குடியில் முதுகலை உயிர்வேதியியல் படிக்கிறேன். நொதியும் அது பிடிக்கும் மூலக்கூறும் பூட்டும் சாவியும் போலப் பொருந்துகின்றன என்று படித்தபோது, கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டு நிலைக்கதவின் சாண் நீளச் சாவிதான் நினைவுக்கு வந்தது. அது வேறெந்தப் பூட்டையும் திறக்காது. இப்போது என் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்ட புரதத்தை கணினி கணித்த புரத வடிவங்களைத் தரும் ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் பார்த்தால், ஏறத்தாழப் பாதி ஆரஞ்சு நிறத்தில், மடிப்பே இல்லாமல் நூலாகத் தொங்குகிறது. அதை வெட்டிவிட்டு மீதியை ஆராய்ந்தால் போதும் என்கிறார்கள் நண்பர்கள். வடிவமே இல்லாத பகுதிக்கு வேலை ஏதும் இருக்குமா?

அன்புள்ள தம்பிக்கு,

நிச்சயமாக இருக்கக்கூடும், அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

பூட்டு, சாவி உவமையை வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1894இல் நொதிகளுக்காகச் சொன்னார். அதை எல்லாப் புரதங்களுக்கும் விதியாக்கியதில்தான் சிக்கல் தொடங்கியது. புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ்கதிரால் அதன் வடிவத்தைக் காணும் எக்ஸ்கதிர்ப் படிகவியலில் ஓயாமல் அசையும் பகுதி தெரிவதில்லை. படிகம் உருவாவதற்கும் அது இடையூறு என்பதால் வெட்டுவதே வழக்கமாயிற்று. கரைசலில் இருக்கும் புரதத்தையே ஆராய உதவும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறை வளர்ந்த பிறகு, வடிவம் இருந்தால்தான் செயல் உண்டு என்ற கருத்தை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று ஆய்வாளர்கள் பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும் 1999இல் எழுதினார்கள்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றில் நீரை விலக்குபவை உள்ளே ஒன்றுகூடுவதால்தான் ஒரு புரதம் மடிகிறது. நிலையான வடிவமில்லாத, அதாவது ஒழுங்கற்ற பகுதிகளில் அவை குறைவு. லைசின், குளூட்டமிக் அமிலம் போன்ற மின்னேற்றமுள்ளவையும் புரோலினும் செரினும் அதிகம். ஆகவே மடியாமல் இருப்பதும் அமினோ அமில வரிசையிலேயே எழுதப்பட்ட ஒரு பண்புதான்.

புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தைப் பாருங்கள். அதன் 393 அமினோ அமிலங்களில் தொடக்கப் பகுதி தனித்திருக்கும்போது மடிவதில்லை. எம்டிஎம்2 என்ற புரதத்தைச் சந்தித்ததும் அதன் ஒரு சிறு துண்டு சுருளாகி, 19ஆம் இடத்துப் பினைல்அலனினையும் 23ஆம் இடத்து டிரிப்டோபேனையும் 26ஆம் இடத்து லியூசினையும் எம்டிஎம்2இன் பள்ளத்தில் பதிக்கிறது. இந்தப் பிடியால் பி53 அழிவுக்குக் குறிக்கப்படுகிறது. டிஎன்ஏ சிதைந்தால் நிலைமை மாறுகிறது: நொதிகள் இதே பகுதியில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன, 18ஆம் இடத்துத் திரியோனினில் அது ஏறும்போது எம்டிஎம்2இன் பிடி தளர்கிறது. நொதிகள் எளிதில் அணுகும்படி இந்தப் பகுதி திறந்திருப்பது இதற்குப் பெரிதும் துணைசெய்கிறது. பி53இன் மறுமுனையிலோ ஒரே துண்டு எஸ்100பி புரதத்தோடு சுருளாகவும், சர்டுயின் நொதியோடு நீட்டிய இழையாகவும் சேர்கிறது. உங்கள் ஆயா வீட்டுச் சாவியால் இது முடியாது.

இன்னும் வியப்பானது, ஹிஸ்டோன் எச்1, புரோதைமோசின் ஆல்ஃபா என்ற இரு புரதங்களும் மிக இறுக்கமாகச் சேர்ந்த பிறகும் மடியாமலே இருக்கின்றன என்ற 2018ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு. எதிரெதிர் மின்னேற்றங்களின் ஈர்ப்பே அங்கே போதுமானதாக இருக்கிறது.

இந்த நெகிழ்வுக்கு ஆபத்தும் உண்டு. பார்க்கின்சன் நோயில் நரம்புச் செல்களுக்குள் நாராகத் திரள்வது, 140 அமினோ அமிலங்கள் கொண்ட, இயல்பில் ஒழுங்கற்ற ஆல்ஃபா சைனூக்ளின்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆரஞ்சு நிறம், அந்த இடத்தின் கணிப்பில் நம்பகத்தன்மை நூற்றுக்கு 50க்கும் குறைவு என்பதையே சொல்கிறது. பல இடங்களில் அது ஒழுங்கின்மையோடு ஒத்துப்போனாலும், அதுவே சான்றாகாது. முதலில் அந்தப் பகுதியின் அமினோ அமில வரிசையைப் பாருங்கள், பாஸ்பேட் ஏறக்கூடிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுப் புரதத்தையும் வெட்டிய வடிவத்தையும் தனித்தனியாகத் தயாரித்து, அவை எவற்றோடு சேர்கின்றன, எவ்வளவு இறுக்கமாகச் சேர்கின்றன என்று ஒப்பிடுங்கள்.